சுங்குடிப் பள்ளிக்கு எது இலச்சினை?

கேள்வி: தெப்பக்குளம் பகுதியில் சுங்குடி முடிச்சுக் கற்றுத்தரும் சிறு பள்ளி நடத்துகிறோம். பெயர்ப்பலகை, சான்றிதழ், சேலையில் தைக்கும் துணிச்சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரே இலச்சினை வேண்டும். வரைபவர் கோபுரமும் தாமரையும் சேர்ந்த படத்தைக் காட்டுகிறார். ஏற்கலாமா? ‘மதுரை சுங்குடி’ என்ற பெயரை எங்கள் பெயரில் பதிவு செய்ய முடியுமா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: கோபுரம் வேண்டாம். மதுரையில் மிட்டாய்க்கடைப் பையிலும் அதுதான், லாரி முகப்பிலும் அதுதான். போதாக்குறைக்கு, அதன் நுணுக்கமெல்லாம் ஓர் அங்குலத் துணிச்சீட்டில் வெறும் கறையாகிவிடும்.

உங்களுக்கு வேண்டியது உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது. துணியைக் கிள்ளி நூலைச் சுற்றி இறுக்கிச் சாயத்தில் முக்கும்போது, நூல் மூடிய இடம் சாயம் ஏறாமல் வெளுப்பாக நின்றுவிடுகிறது. முடிச்சின் நுனி சற்றே வெளியே நீட்டியிருந்தால், அந்த வெள்ளை வளையத்தின் நடுவில் சாயப் பொட்டு ஒன்று விழுகிறது. இந்தப் புள்ளி ஒருபோதும் கணினி வரையும் வட்டமாக அமைவதில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, சில வேளை சதுரமாகவும் தோன்றும். அச்சுப் புள்ளிச் சேலைகளும் சுங்குடி என்றே விற்கப்படும் காலத்தில், அந்தக் கோணல்தான் உங்கள் சாட்சி. ‘சுங்குடி’ என்ற சொல்லை எழுதிப் பாருங்கள்: ஙகர மெய்யின் மேல் ஒரே ஒரு புள்ளி. அந்த இடத்தில், மாணவி ஒருவர் உண்மையிலேயே கட்டிச் சாயமேற்றிய புள்ளியைப் படமெடுத்து, அதன் விளிம்பைத் திருத்தாமல் வரைந்து வைத்தால், எழுத்தே இலச்சினையாகிவிடும். நிறம் ஒன்று போதும். அரக்குச் சிவப்பு என் விருப்பம். ரப்பர் முத்திரையில் குத்திப் பார்த்துத் தெளிவாக விழுந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெயரைப் பொறுத்தவரை, ‘மதுரை சுங்குடி’ 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அது அந்தத் தொழிலைச் செய்வோர் அனைவருக்கும் பொதுவான பெயராதலால், தனியொருவர் அதை வணிகச் சின்னமாக்கிக்கொள்ள 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. பள்ளிக்கெனத் தனிப்பெயர் ஒன்றை வைத்து, அதையும் இலச்சினையையும் வணிகச் சின்னப் பதிவில் கல்விச் சேவைக்குரிய 41-ஆம் வகுப்பில் பதியலாம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். சேலை தயாரித்து விற்பதாக இருந்தால், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில், ‘மதுரை சுங்குடி’ என்ற பெயரைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக விண்ணப்பிக்கும் வழி தனியே உண்டு.

வரைபவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், இலச்சினையின் பதிப்புரிமையைப் பள்ளியின் பெயருக்கு எழுத்துமூலம் மாற்றி வாங்கிவிடுங்கள்.