பழைய நோட்டை மூடி வையுங்கள்

கேள்வி: கல்லூரி நாட்களில் பளு தூக்கினேன். க்ளீன் அண்ட் ஜெர்க்கில் (பளு மாட்டிய கம்பியான பாரை முதலில் தோளுக்கும், பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் முறை) 85 கிலோ வரை போயிருக்கிறேன். கல்யாணம், குழந்தை என்று எட்டு வருஷம் விட்டுப்போயிற்று. இப்போது 31 வயது. இரண்டு மாதமாக சித்தூருக்கு பஸ் ஏறிப் போய் மறுபடி பயிற்சி எடுக்கிறேன். இரண்டாவது வாரமே 65 கிலோ போட்டதில் தோள் பிடித்துக்கொண்டது. இப்போது 50 கிலோவுக்கே கால் நடுங்குகிறது. மாஸ்டர் தெலுங்கில் ‘மெல்லகா, மெல்லகா’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியார், ‘இனிமே எதுக்கு இதெல்லாம்?’ என்கிறார். விடாமுயற்சி எனக்குப் பலிக்கவில்லை. விட்டுவிடலாமா?

- வாசகி, பரதராமி

பதில்: விடக் கூடாது. ஆனால் இரண்டாவது வாரத்தில் 65 கிலோ போட்டீர்களே, அதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைக்காதீர்கள். அது அவசரம். 23 வயதில் இருந்த அந்தப் பெண்ணோடு மல்லுக்கு நின்று, தோற்றுவிட்டு, எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஒருமுறை நன்றாகப் பழகிய தசை, இடைவெளிக்குப் பிறகு முதல் தடவையைவிடச் சீக்கிரமாகப் பலம் பிடிக்கும். பாரைத் தோளுக்கு ஏற்றும் பக்குவமும் அவ்வளவு லேசில் மறந்துபோகாது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தசை வேகமாகத் திரும்பும். அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. ‘முடியும் போலிருக்கே’ என்று மனசு சொல்கிற வாரங்களில்தான் திரும்பி வருகிறவர்கள் அடிபடுகிறார்கள். உங்கள் மாஸ்டர் சொல்லும் ‘மெல்லகா’வுக்கு அர்த்தம் இதுதான். அவர் உங்களைக் குறைத்து எடைபோடவில்லை.

உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார்: வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 149, க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்குத் தொடையில் காயத்தோடு போனார். அங்கே அவர் தூக்கியது 144, 173, மொத்தம் 317. நான்கு வருஷத்துக்கு முந்தைய தன் கணக்கைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கம்தான். 328-ஐத் தொட்டே தீர வேண்டும் என்று நின்றிருந்தால் அந்தத் தொடை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய உடம்பு எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு தூக்கினார். இரண்டு தங்கத்தில் எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிது.

மாமியார் கேள்விக்கும் உங்கள் பக்கத்து மாநிலத்திலேயே பதில் உண்டு. ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 1994, 1995 இரண்டு வருஷமும் உலக சாம்பியன். 1997-ல் கல்யாணம். 2000 சிட்னியில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியபோது, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் பங்கேற்றது 69 கிலோ பிரிவு. உலகப் பட்டங்கள் வாங்கியதோ 54 கிலோ பிரிவில். உடம்பு மாறியிருந்தது, மாறிய உடம்போடுதான் மேடை ஏறினார்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். குழந்தை பெற்றவர் நீங்கள். மூச்சை அடக்கிப் பளு தூக்கும்போது அடிவயிற்றில் அழுத்தம் ஏறும். அப்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இடுப்புத் தளத் தசைகளுக்கென்று பயிற்சி இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பார். எத்தனையோ பெண்கள் இதை யாரிடமும் சொல்ல முடியாமல் விளையாட்டையே விட்டிருக்கிறார்கள். தோளையும் அப்படியே அந்த பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

அதற்குப் பிறகு 15 கிலோ வெறும் பாரிலிருந்து தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளும் பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். எவ்வளவு ஏற்றுவது என்பதை மாஸ்டர் முடிவு செய்யட்டும், நீங்கள் வேண்டாம். 85 எழுதியிருக்கும் பழைய நோட்டு இன்னும் வீட்டில் இருந்தால் மூடி பீரோவில் வையுங்கள். புது நோட்டு வாங்கி, நாளைக்குத் தூக்குவதை முதல் பக்கத்தில் எழுதுங்கள், 15 ஆனாலும் சரி. மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.