காட்சி ஊடக ஆய்வில் மகளைச் சேர்க்கலாமா? – ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டில் பயிலும் தங்கள் மகள், விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் தோல்நிறமும் பாலினமும் வர்க்கமும் எவ்வாறு காட்டப்படுகின்றன என்பதை ஆராய விரும்புவதாகவும், படம் பார்ப்பதற்கு ஒரு முனைவர் பட்டமா என்று உறவினர்கள் கேலி செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். கேலியை விட்டுவிடுங்கள். இதைப் படித்தவர் எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க முடியும் என்று தாங்கள் கேட்டிருப்பதுதான் முறையான கேள்வி. அதற்கான விடை, அவர் எடுத்துக்கொள்ளும் தலைப்பை விட, எந்தத் துறையின் வழியாக அத்தலைப்புக்குள் நுழைகிறார் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

இந்த ஆய்வுப் புலம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் தொடங்கப்பட்ட பண்பாட்டு ஆய்வு மையம், ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹாலின் தலைமையில், கறுப்பின இளைஞர்களைக் குற்றத்தோடு பிணைத்துக் காட்டிய பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்தது. நம் ஊரில் எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்துக்கும் ஏழை மக்களின் அரசியல் ஆதரவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1992-இல் நூலாக வெளியிட்ட எம்.எஸ்.எஸ். பாண்டியன், நாஞ்சில் நாட்டு வேளாண் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் என்பதைத் தங்கள் மகள் கவனிக்க வேண்டும். திரைப்படத்தைப் பற்றி அவர் எழுதியதற்கு வலிமை தந்தவற்றுள் அந்த அடிப்படைப் பயிற்சியும் ஒன்று என்பது என் கருத்து. நிறமும் பாலினமும் எவ்வாறு கையாளப்படுகின்றன என்ற இதே கேள்விதான் கணினித் துறையிலும் எழுந்தது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்கும் வணிக மென்பொருள்கள், கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை பிழை செய்ததையும், வெளிர்நிற ஆண்களிடம் அந்தப் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டாததையும் கணினி ஆய்வாளர்களான ஜாய் புவலாம்வினியும் டிம்நிட் கெப்ரூவும் 2018-இல் நிறுவினர்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கு வழிவிடும் யுஜிசி நெட் தேர்வின் பாடப் பட்டியலில், காட்சிப் பண்பாடு என்றோ திரைப்பட ஆய்வு என்றோ தனிப்பாடம் கிடையாது. இதழியல்-தொடர்பியல், சமூகவியல், மகளிரியல், காட்சிக் கலை ஆகியவற்றுள் ஒன்றில்தான் தங்கள் மகள் தேர்வு எழுத வேண்டியிருக்கும். எனவே முதுகலைப் பட்டத்தின் பெயர் இவற்றுள் ஒன்றோடு பொருந்துகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்வது நல்லது. ஆய்வு முடிந்த பிறகு தம் பட்டம் கேட்கப்பட்ட பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் சமநிலைச் சான்றுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்குபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். பொதுவான வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை-அழகியல் புலம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஊடக-பண்பாட்டு ஆய்வுப் புலம், ஹைதராபாத்தின் ஆங்கில-அயல்மொழிப் பல்கலைக்கழகம், 1993-இலிருந்து திரைப்பட ஆய்வுக்கெனத் துறை நடத்தும் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆகியவை முதலில் பார்க்கத்தக்கவை. இடங்கள் குறைவு, போட்டி மிகுதி.

தங்கள் மகள் அனுப்பிய தலைப்பு மிக அகலமானது. 'இந்திய ஊடகங்களில் நிறமும் பாலினமும்' என்பதை எந்த நெறியாளரும் அப்படியே ஏற்கமாட்டார். 1975-இல் அறிமுகமாகி, 2020-இல் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்ட ஒரு முகப்பூச்சின் விளம்பரங்களை மட்டும், அதுவும் தமிழ் வார இதழ்களில் வெளிவந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், கையில் ஒரு திட்டவட்டமான ஆவணத் தொகுதி இருக்கும். அந்த விளம்பரங்களில் சிவப்பழகு வேலைவாய்ப்போடு இணைக்கப்படத் தொடங்கியது எப்போது, திருமணத்தோடு இணைக்கப்பட்டது எப்போது, எந்த வருவாய்ப் பிரிவினரை நோக்கிப் பேசியது என்றெல்லாம் அதற்குப் பிறகு கேட்கலாம். பழைய இதழ்களுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், திரைப்படங்களுக்கு 1964-இல் நிறுவப்பட்ட புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். ஆனால் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆசைக்குரிய காலகட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அக்காலத்து ஆவணங்கள் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வெளிநாடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டத் திட்டங்கள் பல, கட்டண விலக்கோடு வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் தருகின்றன. சொந்தச் செலவில் அங்கே முதுகலை படிக்க வீட்டை அடகு வைக்க வேண்டாம். பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கான நடுவண் அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த தலைப்புகளை 2022 நெறிமுறையில் விலக்கியது. இத்தலைப்பையே நேரடியாகப் பாதிக்கும் விதி என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நிரந்தரப் பேராசிரியர் பணியிடம் விரைவில் கிடைக்கும் என்று நான் உறுதியளிக்க மாட்டேன். சில ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் கழியக்கூடும். ஆயினும் அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், நுகர்வோர் ஆய்வு நிறுவனங்கள், இணைய நிறுவனங்களின் உள்ளடக்கக் கொள்கைப் பிரிவுகள் ஆகியவற்றிலும் இப்பயிற்சிக்கு இடமுண்டு. இந்திய விளம்பரத் தர மன்றம் தோல்நிறம் குறித்து 2014-இலும் ஆண் இப்படி, பெண் இப்படி என்று அச்சில் வார்த்தாற்போல் காட்டும் பாலின வார்ப்புகள் குறித்து 2022-இலும் நெறிமுறைகளை வெளியிட்டதால், விளம்பர நிறுவனங்களுக்கும் இதைப் படித்தவர்களின் கருத்து தேவைப்படுகிறது.

முதுகலை விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன், எந்தப் படங்கள், அவை எங்கே கிடைக்கும், எந்தத் துறையின் முறையில் ஆராய்வேன் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்த பிறகு எந்தப் பல்கலைக்கழகம் பொருந்தும் என்று தங்களுக்கு எழுதுகிறேன்.