கூட்டம் அடங்கியது, எனக்குள் ஒன்றுமே இல்லை

கேள்வி: எனக்கு 27 வயது. மேடை நடிகன். இந்தக் கோடையில் ஒரு நாடகக் குழுவோடு பத்து வாரம் திறந்தவெளி அரங்கில் நடித்தேன். மூன்று நாடகங்கள், மாற்றி மாற்றி. அதில் ஒன்றில், இறந்துபோன அம்மாவின் கடிதத்தை மகன் படிக்கிற காட்சி என்னுடையது. முதல் வாரம் படிக்கும்போது கை தானாக நடுங்கியது. கடைசி வாரத்தில், எந்த வரியில் நிறுத்தினால் கூட்டம் அடங்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினேன், அடங்கியது. எனக்குள் மட்டும் ஒன்றுமே இல்லை. இலையுதிர்காலம் நெருங்குகிறது. செப்டம்பர் கடைசியில் வேறொரு குழுவில் நடிகர் தேர்வு. தொண்டையும் கட்டிக் கிடக்கிறது. இந்தக் கோடையில் எனக்கு லாபமா, நஷ்டமா?

பதில்: தம்பி, முதலில் தொண்டையைப் பார்ப்போம். திறந்தவெளியில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. குரல் எதிலும் மோதித் திரும்பி வராது. நம் குரல் நமக்கே கேட்காததுபோல் இருக்கும், நம்மை அறியாமல் கத்த ஆரம்பித்துவிடுவோம். நாலைந்து நாள் பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுவென்று பேசுவதும் வேண்டாம், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

உங்களுக்கு நடந்தது ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கும் நடந்தது. 1906-ல் அவருக்கு 43 வயது. அவருடைய நாடகக் குழுவான மாஸ்கோ கலை அரங்கம் அப்போதுதான் ஐரோப்பியப் பயணத்தை முடித்துத் திரும்பியிருந்தது, போன இடமெல்லாம் பாராட்டு. அந்தக் கோடையில் அவர் பின்லாந்தில் ஓய்வெடுக்கப் போனார். கடலோரப் பாறையில் உட்கார்ந்து, இதுவரை நடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தில் அவர் நடித்த டாக்டர் ஸ்டாக்மன் பாத்திரத்தில் சிக்கிக்கொண்டார். 1900-ல் அந்த வேடத்தை முதலில் போட்டபோது உள்ளே இருந்த உணர்ச்சியிலிருந்து அந்த மனிதனின் அவசர நடை வந்தது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முன்னால் நீளும் பழக்கம் வந்தது. ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால் நடை இருக்கிறது, இரண்டு விரல்களும் இருக்கின்றன. அவற்றைப் பிறப்பித்த நினைவுகள் எங்கேயோ தொலைந்துவிட்டன. உடம்பு மட்டும் பழக்கத்தில் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது.

உங்கள் கை நடுக்கமும் அந்த விரல்களும் ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு, அவ்வளவு பெரிய நடிகருக்கே அப்படி என்று ஆறுதல்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அவர் அதற்கப்புறம் வேலையில் இறங்கினார். உயிருள்ள நடிப்பை ஒவ்வோர் இரவும் வரவழைக்க என்ன வழி என்று தேடித் தேடி அவர் சேர்த்ததைத்தான் நடிகர்கள் இன்றுவரை பாடமாகப் படிக்கிறார்கள். நன்றாகப் போன ஒரு பருவம் முடிந்து, தனியாக உட்கார்ந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டதில் தொடங்கியது அது. நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு கோடை முழுக்க வேலைக்காரன் வேடம். இருட்டும்போது வந்து விளக்கை ஏற்ற வேண்டும், இரண்டு வரி வசனம். ஒரு ராத்திரி காற்றில் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதை உள்ளங்கைக்குள் பொத்தி, விரல் சுடச் சுடத் திரிக்குக் கொண்டுபோனேன். எதிரே நின்ற நடிகை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அன்றுதான் நான் விளக்கை ஏற்றினேன். அதற்கு முந்தைய இரவுகளில் விளக்கேற்றுவதுபோல் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்திலும் இந்தக் காற்று வேண்டும். மேடையில் நீங்கள் பிரித்த தாளில் என்ன இருந்தது? பெரும்பாலும் வெற்றுத்தாள், இல்லாவிட்டால் வசனத்தையே எழுதி வைத்திருப்பார்கள். இன்றைக்கே ஒரு நல்ல தாளை எடுத்து, அந்த அம்மா எழுதியிருக்கக்கூடிய முழுக் கடிதத்தையும் எழுதுங்கள். நாடகத்தில் வராத விஷயங்களும் இருக்கட்டும். பூட்டின் சாவி எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன் பாக்கி, எந்த வரியில் பேனா நின்றது, எல்லாம். அப்புறம் உடன் நடித்த நண்பரிடம் கொடுத்து, உங்களுக்குச் சொல்லாமல் ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து வாங்கிப் படியுங்கள். மாறிய வரி வரும்போது கண் தானாக நிற்கும். அந்த நிற்றலுக்கும் கடைசி வாரத்தில் நீங்கள் போட்ட நிறுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு அறியட்டும்.

மற்ற இரண்டு நாடகங்களையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். எத்தனை காட்சி நடந்தது, எத்தனை கைதட்டல் என்ற கணக்கு வேண்டாம். எந்த இரவில், எந்த இடத்தில் எதிரே நின்றவர் சொன்னது உங்கள் காதில் புதிதாக விழுந்தது? அது போதும். நினைவில் வருவது நாலோ ஐந்தோதான் இருக்கும்.

லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு இப்போதே பதில் தேடாதீர்கள். அதே மாஸ்கோ கலை அரங்கத்தார் 1898 கோடையில் புஷ்கினோ என்ற ஊரில் ஒரு கொட்டகையில் ஒத்திகை பார்த்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில்தான் அவர்களுக்கு முதல் திரை எழுந்தது. கோடை வேலைக்குப் பலன் தெரிய ஒரு இலையுதிர்காலமாவது வேண்டும்.

செப்டம்பர் தேர்வுக்கு அந்தக் கடிதக் காட்சியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது அருமையாக வரும், உங்களைப் பழையபடி ஏமாற்றும். இதுவரை தொடாத ஒரு சின்னப் பகுதியை எடுங்கள், இரண்டு நிமிஷம் போதும். தேர்வு அறை சிறியது, எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்ற கவலை அங்கே இல்லை. கையையும் குரலையும் பாதியாக்கிப் பழகுங்கள்.