வீங்கிய தொடையில் ரோலர் உருட்டலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் காரைக்குடிப் பக்கம் ஒரு கபடி அணியில் ஆடுகிறான். மின்னொளிப் போட்டி முடிந்த மறுநாள் படி இறங்கவே முனகுகிறான். ஃபோம் ரோலர் (தசைக்கு அடியில் வைத்து உருட்டும் உருளை) உருட்டினால் லாக்டிக் அமிலம் கரைந்துவிடும் என்று பயிற்சியாளர் தனக்குத் தெரிந்தவரிடம் ஏழாயிரம் ரூபாய்க்கு ‘ரெக்கவரி கிட்’ வாங்கச் சொல்கிறார். போன வாரம் முட்டி பட்டு வீங்கிய தொடையிலும் இரவல் ரோலரை வைத்து உருட்டுகிறான். சரிதானா? – ஒரு தாய், கோட்டையூர்.

பதில்: வீங்கிய இடத்தில் உருட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

மற்றபடி ரோலர் மோசமான சாமான் இல்லை. அமிலத்தைக் கரைக்கிறது என்பதுதான் கதை. கடுமையாக ஆடும்போது தசையில் சேரும் அந்த அமிலம் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போல் ஆனால் தானாகவே அடங்கிவிடும். மறுநாள் வலிப்பது, கடும் ஆட்டத்தில் தசை நார்களில் விழுந்த நுண்ணிய சேதம். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். உருட்டினால் அந்த வலி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் பயிற்சி முடிந்ததும் 20 நிமிடம் உருட்டினார்கள். மறுநாள் வலி குறைவாக இருந்தது, வெட்டித் திரும்பி ஓடுவதும் அவ்வளவாகக் கெடவில்லை. நேர் ஓட்ட வேகத்தில் வித்தியாசம் இல்லை. கபடி பாடி எதிரணிக் களத்துக்குள் போகிறவனுக்கு வெட்டித் திரும்புவதுதானே பிழைப்பு, அதனால் உருட்டட்டும்.

கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், பின்பக்கம், பிட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் போல, மெதுவாக. முழங்கால் மூட்டும் இடுப்பும் வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினால்தான் பலன் என்று பையன்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது, நம்ப வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையென்றால் வழுக்கும், ஜமுக்காளம் விரித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்த ஏழாயிரம். சாதாரண ரோலர் ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் பிளம்பிங் கடையில் நாலு இஞ்ச் பிவிசி குழாய் ஒரு முழம் வெட்டி வாங்கி, பழைய துண்டை இறுக்கிச் சுற்றுங்கள். அதிரும் ரோலர், துப்பாக்கி மாதிரி மசாஜ் கருவி எல்லாம் பள்ளிப் பையனுக்கு எதற்கு? பயிற்சியாளரே கடையையும் காட்டினால் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். ‘கிட் வாங்கினால்தான் அணியில் இடம்’ என்றால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விடிய விடிய ஆடவிட்டு, மூன்று மணி நேரத் தூக்கத்தில் பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ரோலரைப் பற்றிப் பேசுவதே எனக்கு எரிச்சல். கோப்பைக்கும் பொன்னாடைக்கும் சீரியல் விளக்குக்கும் காசு இருக்கிறது, மைதான ஓரத்தில் ஒரு ஐஸ் பெட்டி வைக்க விழாக் குழுவிடம் இல்லை. அசந்து தூங்குகிற எட்டு மணி நேரத்துக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

இனி வீக்கம். முட்டி இடித்த தொடையில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அதைத் தேய்த்தாலும் உருட்டினாலும் மறுபடி கசியும். சிலருக்கு அந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு போல ஒரு கட்டி வளர்ந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் கால் மடங்காது. சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் விட்டு வழித்தாலும் இதே ஆபத்துதான். ‘ரத்தக்கட்டு கலையட்டும்’ என்று அழுத்தித் தேய்க்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். அடி பட்ட முதல் நாளே முழங்காலை மடக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டியிருக்க வேண்டும். அது போகட்டும்.

இன்று இரவு அவனைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்கச் சொல்லுங்கள். நல்ல கால் போகும் தூரம் அடிபட்ட காலும் போனால் கவலையில்லை, பையப் பைய நடையும் ஓட்டமும் தொடங்கலாம். பாதியிலேயே நின்றால், அல்லது தொட்டால் கட்டியாகத் தட்டுப்பட்டால், காரைக்குடி அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எலும்புக் கட்டி எக்ஸ்ரேயில் தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம், முதல் படத்தில் ஒன்றுமில்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். கால் முழுக்க மடங்கும் வரை, பயிற்சியாளர் எத்தனை தடவை போன் செய்தாலும் அடுத்த போட்டிக்கு அனுப்ப வேண்டாம்.