கறுப்புத் திரையில் வானிலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு போட்ட மடிகணினி வைத்திருக்கிறேன். கட்டளை தட்டும் கறுப்புத் திரையான டேர்மினலிலேயே வானிலை பார்க்க முயன்றால் கொழும்பு வானிலைதான் வருகிறது. ஏன்?
வாசகர், கொக்குவில்

பதில்: ஊர்ப்பெயர் கொடுக்காமல் கேட்டிருப்பீர்கள். அப்போது டபிள்யூ-டி-டி-ஆர்.ஐ-என் என்ற வானிலைச் சேவை உங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்து இடத்தை ஊகிக்கும். இங்குள்ள இணைப்புகளின் முகவரி பல வேளைகளில் கொழும்பைத்தான் காட்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்காக முதலிலிருந்தே சொல்கிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கேர்ல்' என்று கொடுத்தால் சி-யூ-ஆர்-எல் என்று எழுதப்படும் கேர்ல், அதாவது இணையத்திலிருந்து தகவலை எடுத்துத் தரும் கருவி, வந்துவிடும். பிறகு 'கேர்ல் டபிள்யூ-டி-டி-ஆர்.ஐ-என்/ஜவ்னா' (ஜவ்னா என்பது யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயர்). இகோர் சூபின் என்ற நிரலாளர் உருவாக்கிய இலவசச் சேவை இது. கணக்குத் திறக்க வேண்டியதில்லை.

ஜவ்னாவுக்குப் பதில் பலாலி விமான நிலையத்தின் குறியீடான ஜே-ஏ-எஃப் கொடுத்தாலும் சரி. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை நினைத்து அந்தப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள், தாமிரபரணிக் கரைக்குப் போய்விடக்கூடும். ஐயமில்லாத வழி ஆள்கூறு, அதாவது அகலாங்கும் நெட்டாங்கும்: '/9.66,80.02'. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி கூடாது, அகலாங்குதான் முதலில். மாற்றிப் போட்டால் ஆர்க்டிக் கடலின் குளிரைப் படிப்பீர்கள்.

இந்தக் கட்டளை தரும் முழு அட்டவணைக்கு ஏறக்குறைய 125 எழுத்து அகலம் வேண்டும். சாளரம் ஒடுங்கியிருந்தால் கோடுகள் உடைந்து குப்பையாகத் தெரியும். முகவரியின் முடிவில் '?என்' சேர்த்தால் பகலும் இரவும் மட்டும் வரும், '?0' இப்போதைய நிலையை மட்டும் தரும்; '?ஃபோர்மட்=3' ஒரே வரியில் முடித்துவிடும். கேள்விக்குறி வந்தால் முகவரி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். மாக் கணினியில் வைக்காவிட்டால் 'பொருத்தம் எதுவும் இல்லை' என்ற பிழைதான் வரும்.

அடிக்கடி பார்ப்பவர் இதை ஏலியாஸாக (குறும்பெயராக), டேர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்-ஆர்-சி கோப்பில் எழுதலாம். கட்டளையையே அங்கே நேராக எழுதினால், இணையம் மந்தமான நாளில் ஒவ்வொரு புது டேர்மினலும் திறக்காமல் தொங்கும். கேர்லுக்குப் பின் '-எம் 10' சேர்த்தால் 10 விநாடிக்குமேல் காத்திராது.

கேள்வி: காற்றின் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறதே? சோளகம் அடிக்கும் நாளில் அம்பு வடகிழக்கைக் காட்டுகிறது.
வாசகர், பருத்தித்துறை

பதில்: பிழையில்லை. காற்று போகும் திசையைத்தான் அம்பு காட்டும். நாம் காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையால். ஆகவே தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு அம்பு வலப்பக்கம் மேல்நோக்கி நிற்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு இடப்பக்கம் கீழ்நோக்கி. மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு வலம், கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு இடம்.

பக்கத்தில் '24-33' என்றிருந்தால் 24 சாதாரண வேகம், 33 திடீர் வீச்சு, இரண்டும் மணிக்குக் கிலோமீற்றரில். வள்ளம் வைத்திருப்பவர் பார்க்கவேண்டியது இரண்டாவது எண்ணை. வெப்பநிலையில் '31(36)' என்றால் அடைப்புக்குள் இருப்பது உடம்புக்கு உறைக்கும் சூடு. மழை வரியில் '0.4 | 85%' கண்டு பயப்பட வேண்டாம்: மழை வரும் வாய்ப்பு 85 சதவீதம், பெய்யப்போவதோ 0.4 மில்லிமீற்றர்தான். மிளகாய் காயப் போட்டவருக்கு முதல் எண்ணைவிட இரண்டாவது முக்கியம். வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைப்பவருக்கு முதலாவது.

அந்த அட்டவணையில் அலையின் உயரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போகும் முடிவை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்தே எடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் பவர்ஷெல்லில் அதே கட்டளை வேறு ஏதோ நீளமாகக் கொட்டுகிறது.
வாசகர், சாவகச்சேரி

பதில்: பழைய பவர்ஷெல்லில் கேர்ல் என்பது வேறொரு கட்டளையின் மாற்றுப்பெயர். 'கேர்ல்.இ-எக்ஸ்-இ' என்று முழுதாகத் தட்டுங்கள். விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது.