கோத்தகிரியில் பெண்பிள்ளைகளுக்கு வழிகாட்ட: எங்கே தொடங்குவது?

வணக்கம் அம்மா. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, பெண்பிள்ளைகளுக்கு உதவப் போனால் "மேடையில் அரை மணி பேசுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பேச்சை விடுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பிளஸ் டூ மாணவிகள் நாலே பேரைக் கேளுங்கள். ஜூனில் தொடங்கி, கல்லூரியில் சேரும்வரை அதே நாலு பேர். பத்துப் பேர் என்றால் யார் வீட்டில் என்ன சிக்கல் என்பதே நினைவில் நிற்காது.

முதலில் காகிதம். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து இனிஷியலைப் பாருங்கள். ஒன்றில் ‘கவிதா எம்’, இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இந்த மாதிரி இடத்தில்தான் சிக்கும். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதும் முக்கியம். இதை உங்களைவிட யார் நன்றாகப் பார்ப்பார்கள்? வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு இ-சேவையில் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்தபின் கூட்டம் தள்ளும்.

தேயிலை பறிக்கப் போகும் அம்மாக்களை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். அவர்களிடம் பேசாமல் பிள்ளைக்குக் கோவை விடுதி ஆசை காட்டாதீர்கள்.

சந்திப்பெல்லாம் பள்ளியிலேயே, கதவு திறந்த வகுப்பறையில். கையில் பணம் கொடுக்காதீர்கள். 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் நீங்கள் பஞ்சாயத்துக்குப் போகவேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.