மணியாச்சி என்னும் சிற்றூருக்கு ஜங்ஷன் எப்படி வாய்த்தது?

ஊரின் அளவு அல்ல, தண்டவாளம் பிரியும் இடமே காரணம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மீட்டர்கேஜ் பாதை போடப்பட்டபோது, திருநெல்வேலிக்கான கிளை கரிசல் காட்டின் நடுவே இங்கே பிரிந்தது. ஆகவே நெல்லைக்காரர்களுக்கு மணியாச்சி என்றால் வண்டி மாறும் இடம். 1911 ஜூன் 17 அன்று, கொடைக்கானலுக்குப் புறப்பட்ட கலெக்டர் ஆஷ், இணைப்பு வண்டிக்காக முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் அங்கேயே அவரைச் சுட்டுவிட்டு, பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். பிற்காலத்தில் பெயர்ப்பலகை ‘வாஞ்சி மணியாச்சி’ ஆனது. பேச்சில் என்னவோ இன்றும் மணியாச்சிதான். தூத்துக்குடி செல்லும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இவ்வழியே போகிறது. நிலையம் இப்போது இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில். 1986 வரை அது நெல்லைச் சீமைதான்.